தீப்பெட்டி ஊரில் ஒரு சோப்புத் தண்ணிக் கதை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன மாசம் நாலு நாள் லீவு கிடைச்சதும் பஸ் ஏறி விருதுநகர் போயிட்டு வந்தேன். விருதுநகர்னதும் எண்ணெய்ப் பரோட்டா பத்திப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது கேஸ் லீக் பத்தின பதிவு. பாதி சரித்திரம், பாதி எங்க வீட்டுக் கதை. கொஞ்சம் நீளம்தான், ஒரு டீயைக் கையில வச்சுக்கிட்டுப் படிங்க :-)

எங்க வீட்ல சிலிண்டர் பின்வாசல்ல, வெயில் படாத ஒரு மூலையில இருக்கும். அங்கேருந்து செவுத்து வழியா காப்பர் பைப் உள்ள வந்து அடுப்பு மேடைக்குப் போகும். நான் போன அன்னிக்கு சமையக்கட்டுல புதுசா ஷெல்ப் அடிச்சிட்டிருந்தாங்க. டிரில் போட்டவர் பைப்பை லேசா உரசிட்டார். அவருக்கும் தெரியலை, எங்களுக்கும் தெரியலை. சாயங்காலம் காபித்தூள் வாங்க வந்த பக்கத்து வீட்டு மதினிதான் வாசப்படியிலேயே நின்னு, "என்ன அத்தை, இப்படி கேஸ் நாத்தம் அடிக்குது?"ன்னாங்க. அம்மா அந்த நேரம் அடுப்புக்கு ரெண்டடி தள்ளி உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. 2021ல கொரோனா வந்துட்டுப் போனதுல இருந்து அம்மாவுக்கு வாசனை சரியா தெரியறதில்லை. சாம்பார் கொதிச்சுத் தீஞ்சாக்கூட புகை வந்தாத்தான் தெரியும். அதை இத்தனை நாளா ஒரு ஜோக்காத்தான் வீட்ல சொல்லிட்டிருந்தோம். அன்னிக்கு யாரும் சிரிக்கலை.

ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, பைப் வேலை பாக்குறவர் ஒருத்தரைக் கூப்பிட்டோம். உரசின எடத்தை வெட்டி எடுத்துட்டு நடுவுல ஒரு பித்தளை ஜாயிண்ட் போட்டார். வேலை சுத்தமாத்தான் இருந்தது. அப்புறம் ரெகுலேட்டரைத் திறந்துட்டு, "லீக் இருக்கான்னு பாத்துருவோம்"னு சொல்லி சட்டைப் பையில இருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

பெரியப்பா சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார். சிவகாசியில பட்டாசு ஆபீஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். (வெளியூர் மக்களுக்கு ஒரு குறிப்பு: எங்க பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுத் தொழிற்சாலை பட்டாசு ஆபீஸ். நான் வேலை பாக்குற எடத்தையும் ஆபீஸ்னு சொன்னப்போ எங்க ஆச்சி "அங்க என்ன ராசா செய்றீங்க, மத்தாப்பா?"ன்னு கேட்டது தனிக்கதை.) பெரியப்பா எந்திரிச்சு வந்து அவர் கையைப் பிடிச்சார். "தம்பி, அதைப் பையில போடுங்க."

"இருபது வருசமா இப்படித்தான் பாக்குறேன் அண்ணாச்சி. ஒண்ணும் ஆனதில்ல."

"ஆகாத வரைக்கும் ஆனதில்லதான் தம்பி. பையில போடுங்க."

அன்னிக்கு ராத்திரி இதே யோசனைதான். கேஸ் இருக்கான்னு நெருப்பை வச்சுப் பாக்குற இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சு? சோப்புத் தண்ணி எப்ப வந்துச்சு? நோண்ட ஆரம்பிச்சா அது 200 வருஷத்துக்கு மேல போகுது மக்களே.

*

முதல்ல நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள போகணும். அங்க நிலக்கரிக்கு நடுவுல மீத்தேன் வாயு அடைபட்டுக் கிடக்கும். வெட்ட வெட்ட வெளிய வரும். காத்தை விட லேசுங்கறதால கூரைப் பக்கமா போய்ச் சேரும். வேலைக்கு வர்றவங்க கையில இருக்கிறதோ மெழுகுவத்தி. எல்லாரும் உள்ள இறங்குறதுக்கு முன்னாடி வாயு இருக்கான்னு பாக்கணுமே, அதுக்கு என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒரு ஆளை முதல்ல அனுப்பினாங்க. ஈரச் சாக்கு, ஈரத்துணியை உடம்பு பூரா சுத்திக்கிட்டு, தரையோட தரையா தவழ்ந்துக்கிட்டே போவார். கையில ஒரு நீளமான கம்பு, அதோட நுனியில எரியற மெழுகுவத்தி. கம்பைக் கூரைப் பக்கம் நீட்டுவார். வாயு இருந்தா 'குப்'புனு பத்தும். அவர் முகத்தைத் தரையில அழுத்திக்கிட்டு படுத்துருவார். எரிஞ்சு அடங்கினதும் எந்திரிச்சு அடுத்த எடம். பிரான்ஸ்ல இவங்களுக்கு 'பெனிட்டெண்ட்'னு பேரு. பாவத்துக்குப் பரிகாரம் செய்யற துறவி மாதிரி முக்காடு போட்டிருந்ததால வந்த பேரு.

இதுதான் லீக் டெஸ்டோட ஆதி வடிவம். சோதனையும் விபத்தும் ஒண்ணேதான். விபத்து சின்னதா நடந்தா டெஸ்ட் வெற்றி. பெருசா நடந்தா வேற ஆளை அனுப்பணும். நம்ம தொழில்ல ப்ரொடக்ஷன் சர்வர்ல நேரா போய் டெஸ்ட் பண்றதுன்னு சொல்லுவோம்ல, அதுக்கு இவங்கதான் முன்னோடி.

1812 மே 25ஆம் தேதி இங்கிலாந்துல பெல்லிங்ங்கற சுரங்கத்துல வாயு வெடிச்சு 92 பேர் செத்தாங்க. சின்னப் பசங்களும் அதுல உண்டு. அதுக்கப்புறம்தான் பாதுகாப்பான விளக்கு வேணும்னு பெரிய அளவுல பேச்சு கிளம்புச்சு. 1815ல ஹம்ப்ரி டேவி ஒரு விளக்கு பண்ணினார். பெரிய மந்திரம் ஒண்ணும் இல்லை, சுடரைச் சுத்தி மெல்லிசான கம்பி வலை, அவ்வளவுதான். வாயு வலை வழியா உள்ள போகும், உள்ளயே எரியும். ஆனா சுடர் வலையைத் தாண்டி வெளிய வர முடியாது, ஏன்னா கம்பி அந்தச் சூட்டை உறிஞ்சிடும். அதே வருஷம் ரயில் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தனியா ஒரு விளக்கு பண்ணினார். யாரு முதல்னு ரெண்டு பக்கமும் சண்டை வேற நடந்துச்சு. (அந்தக் காலத்துப் பின்னூட்டச் சண்டை!)

டேவி விளக்குல ரெண்டாவதா ஒரு நன்மை கிடைச்சது. சுத்தி மீத்தேன் இருந்தா உள்ள இருக்கிற சுடர் மேல நீலமா ஒரு தொப்பி மாதிரி தெரியும். வாயு கூடக்கூடத் தொப்பியும் உயரும். ஆக, வெடிக்க விடாமலே வாயு இருக்கான்னு பாக்க முடிஞ்சது. இருந்தாலும் சாவு உடனே குறைஞ்சிடலை. விளக்கு வந்துருச்சுங்கற தைரியத்துல, அதுவரைக்கும் ஆபத்துன்னு ஒதுக்கி வச்சிருந்த சுரங்கத்துக்குள்ள எல்லாம் ஆளை இறக்க ஆரம்பிச்சாங்க.

*

அதே காலத்துல லண்டன்ல நிலக்கரியைச் சூடாக்கி வாயு எடுத்து, பைப்ல விட்டு, தெருவிளக்கு எரிக்க ஆரம்பிச்சாங்க. 1813 டிசம்பர் 31 அன்னிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துல கேஸ் விளக்கு எரிஞ்சது. ஜனங்களுக்கு ஒரே பயம். அந்தக் கம்பெனி எஞ்சினியர் சாமுவேல் கிளெக் பத்தி ஒரு கதை சொல்லுவாங்க. ராயல் சொசைட்டி ஆட்கள் கேஸ் தொட்டியைப் பாக்க வந்தப்போ, கடப்பாரை மாதிரி ஒண்ணைக் கொண்டு வரச் சொல்லி தொட்டியில ஓட்டை போட்டு, அதுல நெருப்பை வச்சுக் காட்டினாராம். அது வெடிக்காம சுவாலையா எரிஞ்சுதாம். பாக்க வந்தவங்களுக்குக் குலை நடுங்கியிருக்கும்.

கிளெக் செஞ்சது பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரிஞ்சாலும் அதுல ஒரு விஷயம் இருக்கு. தொட்டிக்குள்ள வாயு மட்டும்தான், காத்து கிடையாது. ஓட்டை வழியா வர்றது வெளியில காத்தோட சேர்ற எடத்துல மட்டும் எரியும். நம்ம பைப் வேலை பாக்குறவங்க சொல்ற 'இருபது வருசமா ஒண்ணும் ஆனதில்ல'க்கும் இதுதான் காரணம். ஜாயிண்ட்ல கசியற கேஸ் அப்பப்ப கலைஞ்சு போயிட்டா, தீக்குச்சி வச்சா ஒரு சின்ன நீலச் சுடர் வரும், ஊதி அணைச்சிடலாம். ஆனா அந்தக் கேஸ் அரை மணி நேரமா ரூம்ல சேர்ந்து காத்தோட கலந்திருந்தா? அப்ப எரியப்போறது ஜாயிண்ட் இல்லை, ரூம். இது ரெண்டுல எதுன்னு தீக்குச்சி கிழிக்கிறவருக்கு முன்னாடியே தெரிய வழியே இல்லை.

1857ல கல்கத்தா தெருவுல ஓரியண்டல் கேஸ் கம்பெனி இந்த விளக்கை ஏத்திடுச்சு. அந்த நிலக்கரி வாயுவுக்கு ஒரு 'நல்ல' குணம் உண்டு. கந்தகக் கலப்பால இயற்கையிலேயே நாறும். கசிஞ்சா மூக்கு சொல்லிடும். பிரச்சினை வந்தது இருபதாம் நூத்தாண்டுல, எண்ணெய்க் கிணத்துல இருந்து வர்ற இயற்கை வாயுவை ஜனங்க பயன்படுத்த ஆரம்பிச்சப்போ. அதுக்குப் பெரும்பாலும் வாசனையே கிடையாது.

அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல நியூ லண்டன்னு ஒரு ஊர். எண்ணெய்ப் பணத்துல கட்டின பெரிய பள்ளிக்கூடம். கேஸுக்குக் காசு கொடுத்துக்கிட்டிருந்தவங்க, அதை மிச்சம் பிடிக்கலாம்னு, பக்கத்துல எண்ணெய்க் கம்பெனி வீணா எரிச்சு விடுற வாயுவோட பைப்ல இருந்து தாங்களே ஒரு இணைப்பு எடுத்துக்கிட்டாங்க. மிச்சமானது மாசம் 300 டாலர் கிட்ட. அந்த இணைப்புல எங்கயோ கசிவு. வாயு கட்டிடத்துக்கு அடியில இருந்த இடைவெளியில சேர்ந்துக்கிட்டே இருந்துச்சு. வாசனை இல்லை. யாருக்கும் தெரியலை. 1937 மார்ச் 18ஆம் தேதி மதியம் மூணே கால் மணி வாக்குல, தொழிற்கல்வி ஆசிரியர் ஒருத்தர் மரம் தேய்க்கிற மெஷினோட ஸ்விட்சைப் போட்டார். 300 பேர் கிட்ட செத்துப் போனாங்க, பெரும்பாலும் பசங்க.

அந்த வருஷமே டெக்சாஸ்ல ரெண்டு சட்டம் வந்தது. ஒண்ணு, கேஸ்ல கட்டாயம் நாத்தம் சேர்க்கணும். இன்னொண்ணு, லைசென்ஸ் இல்லாதவன் தன்னை எஞ்சினியர்னு சொல்லிக்கக் கூடாது. (ரெண்டாவதைப் படிச்சிட்டு என் விசிட்டிங் கார்டை ஒரு தடவை எடுத்துப் பாத்துக்கிட்டேன்.) வாயுல நாத்தம் சேர்க்குறது அப்புறம் உலகம் பூரா பரவிச்சு.

நம்ம சிலிண்டர்ல அந்த வேலையைச் செய்யறது எத்தில் மெர்காப்டன். காத்துல நூறு கோடியில ஒண்ணு ரெண்டு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். வெடிக்கிற அளவுல அஞ்சுல ஒரு பங்கு சேர்றதுக்குள்ளயே நாத்தம் தெரியணுங்கறதுதான் கணக்கு. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிற அந்த நாத்தம், அந்தப் பசங்க செத்ததுக்கப்புறம்தான் சட்டமாச்சு.

இது எங்கயோ அமெரிக்காவுல நடந்ததுன்னு விட்டுட முடியாது. 2014 ஜூன் 27ஆம் தேதி ஆந்திராவுல கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்துல பெரிய எரிவாயுக் குழாய் கசிஞ்சு விடியற்காலையில பத்திக்கிச்சு. 20 பேருக்கு மேல செத்தாங்க. இந்த மாதிரி நெடுந்தூரக் குழாய்கள்ல போற வாயுவுல பொதுவா நாத்தம் சேர்க்குறதில்லை, வீடுகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற எடத்துலதான் சேர்ப்பாங்க.

*

இப்ப எங்க ஊருக்கு வருவோம்.

1922ல சிவகாசியில இருந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் தீப்பெட்டி செய்யறதைக் கத்துக்கக் கல்கத்தா போனாங்க. மழை இல்லாத கரிசல் பூமி, வேற பிழைப்பு வேணும். திரும்பி வந்து 1923ல ஆரம்பிச்சதுதான் இந்தத் தொழில். அதுல இருந்து பட்டாசு, அச்சகம்னு ஊரே மாறிப்போச்சு. 1940ல வெடிபொருள் விதிகள் வந்து லைசென்ஸ் முறை வந்ததும், அந்தப் பத்து வருஷத்துலயே பெரிய பட்டாசு கம்பெனிகள் இங்க வரிசையா முளைச்சுது.

இப்ப ஒரு சுவாரஸ்யமான விஷயம். பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் கொடுக்கிறது யாரு? முன்னாடி வெடிபொருள் துறைன்னு இருந்து, இப்ப 'பெசோ'ன்னு சொல்ற அமைப்பு. 1898ல ஆரம்பிச்சது, தலைமையகம் நாக்பூர், சிவகாசியிலயும் ஆபீஸ் உண்டு. நம்ம வீட்டுச் சிலிண்டரோட டிசைனுக்கும் வால்வுக்கும் அனுமதி கொடுக்கிறது யாரு? அதே பெசோ! ரெண்டுக்கும் ஒரே சட்டம், 1884ல வெள்ளைக்காரன் கொண்டு வந்த வெடிபொருள் சட்டம். 1938ல ஒரு அறிவிக்கை போட்டு, உலோகக் கலன்ல அழுத்தி அடைச்ச வாயுவையும் அந்தச் சட்டப்படி வெடிபொருள் கணக்குல சேர்த்தாங்க. 1940ல வெடிபொருளுக்கு ஒரு விதித்தொகுப்பு, சிலிண்டருக்கு ஒரு விதித்தொகுப்பு. ஆக, சட்டத்தோட கண்ணுல எங்க பெரியப்பா வேலை பாத்த ஆபீஸும் எங்க அம்மாவோட சமையக்கட்டும் பங்காளிங்க!

ஆனா ரெண்டு எடத்துலயும் நடந்துக்கிற முறையைப் பாருங்க. பட்டாசு ஆபீஸ் கேட்லயே தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாத்தையும் வாங்கி வச்சுக்குவாங்க. ஊரே தீப்பெட்டி செஞ்சாலும் உள்ள ஒரு தீக்குச்சி போகக்கூடாது. மருந்து அறையில இரும்புச் சாமான் ஆகாது. நைலான் துணி ஆகாது, பருத்திதான். உள்ள நுழையறதுக்கு முன்னாடி வாசல்ல பதிச்சிருக்கிற செம்புத் தகட்டைத் தொடணும், உடம்புல இருக்கிற நிலைமின்சாரம் பூமிக்கு இறங்கறதுக்கு. ஒரு அறையில நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாடியும் யாரோ செத்திருக்காங்கன்னு பெரியப்பா சொல்லுவார். விதியை மீறினப்ப என்ன ஆகும்ங்கறதுக்கும் எங்க மாவட்டத்துல உதாரணம் நிறைய. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில ஒரு ஆலை வெடிச்சு 38 பேர் செத்தாங்க. அதுல நிறைய பேர் அங்க வேலை பாத்தவங்க இல்லை. முதல் வெடியைக் கேட்டு காப்பாத்தவும் வேடிக்கை பாக்கவும் ஓடினவங்க. அன்னிக்கு சாயங்காலம் ஊர் இருந்த நிலைமையைப் பத்திப் பெரியப்பா இன்னிக்கு வரைக்கும் வாய் திறந்து பேசினதில்லை.

சமையக்கட்டுக்கு கேட் கிடையாது, சூபர்வைசர் கிடையாது. இந்தியாவுல 1955ல பம்பாயில பர்மா ஷெல் சிலிண்டர் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 1965ல கல்கத்தாவுல இண்டேன் வந்தது. ரொம்ப நாள் வரைக்கும் அது வசதியானவங்க சமாச்சாரம். தமிழ்நாட்டுல 2007ல இருந்து இலவச கேஸ் அடுப்பு கொடுத்தாங்க, 2016ல மத்திய அரசோட உஜ்வாலா வந்தது. அதுவரைக்கும் விறகும் மண்ணெண்ணெயும் வச்சு சமைச்ச எத்தனையோ வீட்டுக்குள்ள சிலிண்டர் நுழைஞ்சது. புகையில இருமிக்கிட்டிருந்த பொம்பளைங்களுக்கு அது பெரிய விடுதலைதான், சந்தேகமே இல்லை. ஆனா விறகடுப்புக்கும் ஸ்டவ்வுக்கும் பழகின கை, எதுக்கெடுத்தாலும் முதல்ல தீப்பெட்டியைத்தான் தேடும். மண்ணெண்ணெய் ஒழுகினா கண்ணுக்குத் தெரியும். கேஸ் ஒழுகினா தெரியாது. இந்த வித்தியாசத்தை யாரும் உக்காந்து சொல்லிக் கொடுக்கலை.

*

கொஞ்சம் கணக்கு போடுவோம், எஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு.

நம்ம எல்பிஜி, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. மூலக்கூறு எடை 44, 58. காத்தோடது 29. அதனால இது காத்தை விட ஒண்ணரைல இருந்து ரெண்டு மடங்கு கனம், தரையில தேங்கும். சுரங்கத்துல தரையில படுத்தா தப்பிக்கலாம், இங்க தரையிலதான் ஆபத்து. காத்துல சுமார் 2 சதவீதத்துல இருந்து 9 சதவீதம் வரைக்கும் கலந்தா பத்தும். 10க்கு 10 சமையக்கட்டு, 10 அடி உயரம்னா 28 கன மீட்டர். அதுல 2 சதவீதம்னா அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல. எடை போட்டா ஒண்ணேகால் கிலோ கேஸ். சிலிண்டர்ல இருக்கிறது 14.2 கிலோ. பத்துல ஒரு பங்குகூட வேண்டாம். அதுவும் ரூம் பூரா சமமா பரவினாத்தான் அந்த ஒண்ணேகால் கிலோ, தரையோட தேங்கினா அதுலயும் கம்மி போதும். பத்த வைக்கத் தேவையான பொறி? கால் மில்லிஜூல். நைலான் சட்டையைக் கழட்டும்போது படபடங்குதே, அதுவே போதும். அதனாலதான் லீக்குனு தெரிஞ்சா ஸ்விட்ச் போடாதே, போட்டிருந்தா அணைக்கவும் செய்யாதேன்னு சொல்றாங்க.

சரி, நெருப்பு வேண்டாம். மூக்கு? மூக்கு நல்ல காவக்காரன், ஆனா எப்பவும் முழிச்சிருக்க மாட்டான். அதே நாத்தத்துல கொஞ்ச நேரம் இருந்தா பழகிப் போயிடும். சளி பிடிச்சா தெரியாது. வயசாக ஆகக் குறையும். எங்க அம்மாவுக்கு ஆன மாதிரியும் ஆகலாம். அதோட மூக்கு 'இருக்கு'ன்னு சொல்லுமே தவிர 'எங்க'ன்னு சொல்லாது.

எங்கன்னு சொல்றது சோப்புத் தண்ணி. இதுல எந்த விஞ்ஞானி பேரும் ஒட்டலை. ஊர்ல சைக்கிள் கடைக்காரர் டியூப்பைத் தண்ணித் தொட்டியில முக்கி பஞ்சர் பாக்குறதும் இதே வித்தைதான். பைப்பை முக்க முடியாதுங்கறதால தண்ணியைப் பைப்புக்குக் கொண்டு வர்றோம், அவ்வளவுதான். சோப்பு எதுக்குன்னா, வெறும் தண்ணிக்குப் பரப்பு இழுவிசை அதிகம், முட்டை உடனே உடைஞ்சிடும். சோப்பு சேர்ந்தா இழுவிசை குறைஞ்சு முட்டை நிக்கும். தண்ணிப் பரப்போட இந்தக் குணத்தை அளந்து பாத்த முதல் ஆட்கள்ல ஒருத்தர் ஆக்னஸ் பாக்கெல்ஸ்ங்கற ஜெர்மன் பெண். காலேஜுக்குப் போகலை, வீட்டோட இருந்து பெத்தவங்களைப் பாத்துக்கிட்டவங்க. சமையலறையில தகரத் தொட்டி வச்சு ஆராய்ச்சி பண்ணி, ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினாங்க. அவர் அதை 1891ல 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி வெளிவர வச்சார். பாத்திரம் கழுவுற எடத்துல பொறந்த அறிவியல், திரும்ப சமையக்கட்டுக்கே காவலா வந்திருக்கு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது.

பெரியப்பா அன்னிக்கு செஞ்சதை அப்படியே சொல்றேன். அடுப்புத் திருகு எல்லாத்தையும் மூடினார். பாத்திரம் கழுவுற சோப்பை ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சார், நுரை பொங்காம, கொழகொழன்னு. ஜன்னலைத் திறந்து வச்சுட்டு ரெகுலேட்டரை ஆன் பண்ணச் சொன்னார். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால தொட்டுத் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலயும் தடவினார். தடவிட்டு நின்னார். அதுதான் முக்கியம். நம்ம ரெகுலேட்டர் தாண்டி வர்ற அழுத்தம் ரொம்பக் கம்மி, சுமார் 30 செ.மீ. உயரத் தண்ணி கொடுக்கிற அழுத்தம்தான், ஒரு ஸ்கேல் உயரம். அதனால சின்ன லீக்னா முட்டை உடனே பொங்காது. மெதுவா, ஒண்ணு ஒண்ணா வரும். தடவும்போதே வந்த நுரை கணக்கு இல்லை, தடவி முடிச்சப்புறம் வளர்ற முட்டைதான் கணக்கு.

புது ஜாயிண்ட்ல ஒண்ணுமில்லை. பைப் வேலை பாத்தவர் பெருமையா சிரிச்சார். பெரியப்பா அடுத்ததுக்குப் போனார். அதுலயும் இல்லை. கடைசியா அடுப்பு மேடைக்குக் கீழ இருக்கிற பழைய கேஸ் டேப். யாரும் அன்னிக்குத் தொடாத எடம். தடவிட்டு நின்னோம். பத்து எண்றதுக்குள்ள கடுகு அளவுல ஒரு முட்டை. அப்புறம் அது மிளகாச்சு, சுண்டைக்காயாச்சு, உடைஞ்சுது. மறுபடி கடுகு.

பைப்பை வெட்டிப் பூட்டும்போது முறுக்கினதுல அந்தப் பக்கத்து இணைப்பு நெகிழ்ந்திருக்கு. ரிப்பேர் பண்ணின எடத்தை மட்டும் பாத்தா எப்பவுமே போதாது, அந்த லைன்ல இருக்கிற எல்லா இணைப்பையும் பாக்கணும்ங்கறது இதனாலதான். தீக்குச்சியைப் புது ஜாயிண்ட்ல காட்டிட்டு, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு அவர் கிளம்பியிருப்பார். நானும் மறுநாள் பஸ் ஏறியிருப்பேன். வாசனை தெரியாத அம்மா அந்த வீட்ல, அந்த முட்டையோட தனியா இருந்திருப்பாங்க.

அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. திட்டவும் இல்லை. பெரியப்பா அவருக்கு டீ கொடுத்து, டேப்பைக் கழட்டி சரியா பூட்டச் சொல்லி, மறுபடி சோப்பு தடவச் சொன்னார், இந்தத் தடவை அவர் கையாலேயே. முட்டை வரலை. போகும்போது அந்தப் பழைய பிரஷ்ஷை "நீங்களே வச்சுக்கங்க தம்பி"ன்னு கொடுத்து அனுப்பினார்.

இப்ப வீட்ல ஒரு கேஸ் அலாரம் மாட்டியாச்சு, தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல. சிலிண்டர் மாத்தற அன்னிக்கெல்லாம் சோப்புத் தண்ணி டெஸ்ட். போன வாரம் போன்ல அம்மா, "இன்னிக்கு சிலிண்டர் வந்துச்சு, முட்டை ஒண்ணும் வரலை"ன்னாங்க. எனக்குப் புரிஞ்சுது. பக்கத்து சீட்டுக்காரன்தான் ஒரு மாதிரி பாத்தான்.

உங்க வீட்ல யாராவது தீக்குச்சி வச்சுப் பாக்குற பழக்கம் இருக்கா? இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி போய் நிறுத்திட்டு வந்துருங்க.

டிஸ்கி 1: கேஸ் நாத்தம் அடிச்சா ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாம வெளிய வந்துட்டு 1906க்கு போன் பண்ணுங்க. போன் வெளிய வந்தப்புறம்.

டிஸ்கி 2: எண்ணெய்ப் பரோட்டா பதிவு அடுத்த வாரம். சத்தியமா :-)